எத்தனை வாட், எந்த டியூப்? கிட்டார் ஆம்ப் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிட்டார் வாசிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் டியூப் ஆம்ப், அதாவது கண்ணாடி வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, வாங்குவதைப் பற்றியவை. வாங்கிய பிறகு வருகிற தொல்லைகளைப் பற்றியும் சில உண்டு.

அண்ணே, நான் கல்யாணம், கோயில் திருவிழா நிகழ்ச்சிகளில் வாசிக்கும் குழுவில் இருக்கிறேன். எண்பதுகளின் பாட்டு, இப்போதைய பாட்டு, நடுவில் கொஞ்சம் ராக் என்று எல்லாம் வரும். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், வாக்ஸ் ஏசி15, மார்ஷல் டிஎஸ்எல்40 மூன்றில் எது எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்?

தம்பி, உங்கள் பட்டியல் நல்ல பட்டியல். மூன்றுமே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த, ஒரே ஆள் தூக்கிப் போகக்கூடிய பெட்டிகள். ஆனால் மூன்றும் வெவ்வேறு வேலைக்குப் பிறந்தவை.

டீலக்ஸ் ரிவெர்ப் 1963-இல் வந்தது. 22 வாட், பவர் பகுதியில் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதி) 6வி6 டியூப் இரண்டு. கிளீன் சத்தம், அதாவது கரகரப்பு இல்லாத சத்தம், என்று வந்தால் மூன்றிலும் இதுதான் முதலில் நிற்கும். விரலால் தனித்தனி நரம்பாக மீட்டும் பாட்டுகளில் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும். ரிவெர்ப் (பெரிய அறையில் கேட்பது போன்ற முழக்கம்) மிக அழகு. குறை ஒன்று உண்டு. இதில் மிடில் குமிழ் கிடையாது. சர்க்யூட்டே நடு அலைவரிசைகளைக் கொஞ்சம் குழித்துத்தான் தருகிறது. அறையில் தனியாக வாசிக்கும்போது இந்தக் குழிவு இனிமையாக இருக்கும். மேடையில் கீபோர்டும் இரண்டு பாடகர்களும் சேர்ந்த பிறகு கிட்டார் எங்கே என்று தேட வேண்டிவரும். அதற்கு மருந்து, நடு அலைவரிசையைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடல் (காலால் மிதித்துக் கரகரப்பைச் சேர்க்கும் சிறு பெட்டி). ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத்தான் தூக்குகிறது. அந்தப் பெடலும் இந்த ஆம்ப்பும் இத்தனை காலம் சேர்ந்தே வாழ்வதற்குக் காரணம் இதுதான்.

ஏசி15 அதைவிட மூத்தது, 1958-ஆம் ஆண்டின் வடிவமைப்பு. ஈஎல்84 டியூப் இரண்டு, 15 வாட். இதன் பவர் பகுதியில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே வரும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிக் கரகரப்பை அடக்கும் ஏற்பாடு) கிடையாது. அதனால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினாலே சத்தம் கரகரக்கத் தொடங்கும், மேல் சுரங்கள் மணி போல ஒலிக்கும். கார்டு அடித்து வாசிக்கும் கைக்கு இதைப்போல் சந்தோஷம் தரும் ஆம்ப் குறைவு. ஆனால் உங்கள் டிரம்ஸ்காரர் ஓங்கி அடிப்பவரென்றால், அவருக்கு ஈடாக ஏற்றும்போது கிளீன் சத்தம் கைவிட்டுப் போய்விடும். உங்கள் குழுவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

டிஎஸ்எல்40 ஈஎல்34 டியூப் இரண்டில் ஓடுகிறது. இரண்டு சேனல், காலால் மாற்றிக்கொள்ளலாம், முன் பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் பெடலை இணைக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பும் உண்டு. கனமான ராக் சத்தம் பெடல் இல்லாமலே கிடைப்பது மூன்றில் இதில் மட்டும்தான். எதிரொலி தரும் டிலே பெடலை லூப்பில் போட்டால் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வரும், எதிரொலி குழம்பாது. கிளீன் சேனல் மோசமில்லை, ஆனாலும் ஃபெண்டரின் திறந்த சத்தம் அதில் இல்லை.

என் முடிவு: முழு நிகழ்ச்சியில் ராக் பாட்டு இரண்டு மூன்றுதான் என்றால் டீலக்ஸ் ரிவெர்ப்பும் ஒரு பெடலும். பாதி நேரம் ராக் என்றால் டிஎஸ்எல்40. எத்தனை சேனல் இருக்கிறது என்று எண்ணி வாங்காதீர்கள். நல்ல கிளீன் சத்தத்தின் மேல் பெடலால் எதையும் கட்டலாம். கிளீன் சரியில்லாத ஆம்ப்பில் நான்கு சேனல் இருந்தாலும், நிகழ்ச்சியில் பெரும்பகுதிக்குப் பயன்படாது.

பிராண்டு பெயரில் அதிகம் மயங்கவும் வேண்டாம். 1962-இல் லண்டனில் மார்ஷல் கடை செய்த முதல் ஆம்ப்பே ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டை வைத்துச் செய்ததுதான். ஈப்போவுக்குப் போய்ப் பார்க்கும்போது உங்கள் கிட்டாரையும் பெடலையும் கையோடு கொண்டுபோங்கள். மேடையில் வைக்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பணம் உங்களுடையது. அப்புறம் கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழைப் பாதியாகக் குறையுங்கள். கரகரப்பு விலகிச் சத்தம் தெளிந்து வந்தால் அந்த ஆம்ப் உங்கள் கைக்கு இணங்குகிறது. குறைத்ததும் வெறுமனே மங்கிப்போனால், அடுத்ததைப் பாருங்கள்.

டிஎஸ்எல்40-இல் 20 வாட்டுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதே, அதைப் போட்டால் சத்தம் பாதியாகுமா?

ஆகாது. வாட் பாதியானால் சத்தம் 3 டெசிபெல் மட்டுமே குறையும். காதுக்குப் பாதியாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேண்டும், அதாவது வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். அந்த சுவிட்ச் சத்தத்தின் குணத்தைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான். வீட்டுக்கு மாஸ்டர் வால்யூமைத்தான் நம்ப வேண்டும்.

என் மகனுக்கு 17 வயது. 100 வாட் ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) நாலு ஸ்பீக்கர் உள்ள பெட்டியும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். நாங்கள் இருப்பது தோட்டத்து லயத்து வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். என்ன செய்வது?

அக்கா, பையனுக்கு ஆர்வம் இருப்பது நல்ல விஷயம், அதை அடக்க வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கை அவனிடம் காட்டுங்கள். சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட் கொடுத்தாலே, ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபெல் சத்தம் போடும். அது ஒரு வாட்டுக்கு! 100 வாட் ஆம்ப்பில் அவன் வால்யூமை ஒன்றுக்கு மேல் தொடவே முடியாது. டியூப் ஆம்ப்பின் அழகு பவர் டியூப் உழைக்கும்போதுதான் முழுதாக வெளியே வரும். உழைக்க விடாத ஆம்ப்பை வாங்கி என்ன பயன்?

5 வாட் டியூப் ஆம்ப்பே அந்த வீட்டுக்கு அதிகம். மாஸ்டர் வால்யூமும் ஹெட்போன் வசதியும் உள்ள சிறிய மாடலாகப் பாருங்கள். அவன் உண்மையில் இரவில்தான் பயிற்சி செய்கிறான் என்றால், இப்போதைக்கு பாஸ் கட்டானா மாதிரி டியூப் இல்லாத ஆம்ப் வாங்கிக் கொடுங்கள். குழுவில் சேர்ந்து மேடை ஏறட்டும், அப்போது 15 முதல் 22 வாட்டுக்குள் ஒரு டியூப் ஆம்ப் வாங்கலாம். 100 வாட்டுக்கும் 22 வாட்டுக்கும் இடையில் 7 டெசிபெல்கூட முழுதாக இல்லை. மிச்சமாகும் பணத்தில் நல்ல கிட்டாரே வாங்கலாம்.

அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர் ஒருவர் பழைய டியூப் ஆம்ப் கொண்டுவருகிறார். இங்கே அப்படியே சொருகலாமா?

தயவு செய்து சொருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சொருகிய நொடியில் ஃபியூஸ் போனால் உங்கள் அதிர்ஷ்டம்; போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே போகும்.

முதலில் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்ப்பின் பின்னால் எழுதியிருக்கும் வாட் அளவைப்போல் இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதாக வாங்குங்கள். அந்த எண் ஸ்பீக்கருக்குப் போகும் வாட் இல்லை, சுவரில் இருந்து இழுக்கும் வாட். அது பெரிதாக இருக்கும். பயணிகள் முடி உலர்த்துவதற்குக் கொண்டுபோகும் சின்ன கன்வெர்ட்டர் ஆகவே ஆகாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும், ஆகவே அரை மணி நேரம் வாசித்த பிறகு எரிந்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள்.

இதே கேள்வி ஜப்பானில் இருந்து வரும் ஆம்ப்புக்கும் உண்டு. அங்கே 100 வோல்ட். 120 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரில் அதைச் சொருகினால் ஓடும், ஆனால் டியூப்பைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதில் ஏழரை வோல்ட் போகும். டியூப் சீக்கிரம் செத்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது எர்த். மலிவான ஸ்டெப் டவுன் பெட்டிகள் பலவற்றில் வெளியே வரும் சாக்கெட்டில் இரண்டு துளைதான் இருக்கும். எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. ஆம்ப்பில் ஏதாவது மின் ஒழுக்கு இருந்தால் அது கிட்டார் நரம்புக்கு வரும். கை நரம்பில், உதடு மைக்கில், கால் ஈர மண்ணில்: திருவிழா மேடையில் ஒருவர் எப்படி நிற்பார் என்று நினைத்துப் பாருங்கள். உயிர் போகும் விஷயம். மூன்று துளை உள்ள, எர்த் தொடர்ந்து போகும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான். ஜெனரேட்டரில் ஓடும் மேடையென்றால், அந்த எர்த் கம்பி நிஜமாகவே மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வாசியுங்கள். 60-களின் சில ஆம்ப்களில் பிளக்கிலேயே எர்த் கிடையாது. அவற்றுக்கு மூன்று கம்பி கார்டு மாற்றிய பிறகுதான் கிட்டாரைச் சொருக வேண்டும்.

நம் ஊர் புழுக்கத்தில் டியூப் ஆம்ப் கெட்டுப்போகுமா?

டியூப்புக்குப் புழுக்கம் ஒன்றும் செய்யாது, உள்ளே வெற்றிடம்தான். குமிழ்கள், ஜாக்குகள், டியூப் சாக்கெட்டின் பிடிகள், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு இவைதான் பாதிக்கப்படும். வாரம் ஒரு முறையாவது போட்டு அரை மணி நேரம் வாசியுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டிவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். துணி போதும்.

இன்னொன்று, எறும்பும் பல்லியும். வெதுவெதுப்பான இருட்டுப் பெட்டி அவற்றுக்குப் பிடிக்கும். உள்ளே 300 முதல் 500 வோல்ட் ஓடும் இடத்தில் ஒரு பல்லி குறுக்கே விழுந்தால் சாக்கெட்டே கருகும். ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். ஆனால் நீங்களே திறந்து சுத்தம் செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

மத்தியான இடி இறங்குகிறதென்றால் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்டாண்ட்பை சுவிட்ச் இடியைத் தடுக்காது.

டியூப்பை வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. 12ஏஎக்ஸ்7 மாதிரி, கிட்டார் ஒலியை முதலில் பெருக்கும் முன் டியூப்கள் பல வருடம் ஓடும். பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று எதிரொலித்தால் அதை மட்டும் மாற்றுங்கள். பவர் டியூப் ஓய்ந்துபோனால் கீழ்ச் சுரங்கள் தொளதொளவென்று ஆகும், சத்தத்தில் உயிர் குறையும். உள்ளே உலோகத் தகடு சிவக்கிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

பவர் டியூப்பை ஜோடியாகவே மாற்றுங்கள். டீலக்ஸ் ரிவெர்ப், டிஎஸ்எல்40 போன்றவற்றில் மாற்றியதும் பயஸ் (டியூப் சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தின் அளவு) பார்க்க வேண்டும், அது தெரிந்தவர் வேலை. ஏசி15-இல் அந்த வேலை இல்லை. நிகழ்ச்சிக்குப் போகும்போது ஒரு 12ஏஎக்ஸ்7-உம், அதே அளவு ஃபியூஸ் இரண்டும் பையில் இருக்கட்டும். பெரிய அளவு ஃபியூஸ், அலுமினியத் தாள் எதுவும் வேண்டாம்.

தேவாலயத்தில் வாசிக்கிறேன். சவுண்ட் பார்க்கும் அண்ணன் எப்போதும் சத்தத்தைக் குறை என்கிறார். எனக்கோ என் கிட்டாரே கேட்பதில்லை. சின்ன ஆம்ப் வாங்கவா?

வாங்க வேண்டாம், தம்பி, இருப்பதைத் தூக்கி வையுங்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் மேல் சுரங்கள் பரவாது, நேராகப் பாயும். ஆம்ப் தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலைத் தாண்டி நேரே முன்வரிசைக்குப் போகிறது. அங்கே காது வலிக்கிறது, உங்களுக்கு மந்தமாகக் கேட்கிறது. நீங்கள் டிரெபிளை ஏற்ற ஏற்ற அவர்கள் பாடு மோசமாகிறது. நாற்காலி மேல் வைத்து உங்கள் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள், அல்லது மேடையின் பக்கவாட்டில் வைத்துக் குறுக்காகத் திருப்புங்கள். முன்னால் ஒரு ஷூர் எஸ்எம்57 மைக்கை வைத்து, கூட்டத்துக்கு வேண்டிய சத்தத்தை அந்த அண்ணனிடமே விட்டுவிடுங்கள். அவரோடு சண்டையும் வராது.

ஜாமிங் ஸ்டூடியோவில் ரோலண்ட் ஜேசி-120-இல் வாசித்துப் பழகிவிட்டேன். டியூப் ஆம்ப் அவசியம்தானா?

அவசியமில்லை. 1975 முதல் அந்த ஆம்ப் கிளீன் சத்தத்துக்கும் கோரஸுக்கும் பேர் வாங்கியது, எந்த டியூப் ஆம்ப்புக்கும் தலைகுனியாது. ஆனால் கை அழுத்தத்துக்கு ஏற்ப ஆம்ப்பே கரகரத்தும் தெளிந்தும் பதில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டால், அது டியூப்பில்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது.

ஆம்ப்பின் பின்னால் 8 ஓம், 16 ஓம் என்று இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு உள்ள பெட்டியை எதில் சொருகுவது?

பெட்டிக்குள் எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டும் பேரலல் என்றால் 4 ஓம், சீரீஸ் என்றால் 16 ஓம். 16 வந்தால் 16-இல் சொருகுங்கள். 4 வந்தால் உங்கள் ஆம்ப்பில் அதற்கு இடமில்லை; பெட்டியின் இணைப்பைச் சீரீஸாக மாற்றச் சொல்லுங்கள். கிட்டார் கேபிள் வேண்டாம், ஸ்பீக்கர் கேபிள் மட்டும். அந்தக் கேபிளை முதலில் சொருகிவிட்டுத்தான் ஆம்ப்பைப் போட வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் டியூப் ஆம்ப்பில் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம், பெட்டியிலேயே விலை அதிகமான பாகங்களில் அது ஒன்று.