புள்ளியியலுக்கும் அரசுக்கும் என்ன தொடர்பு?

புள்ளியியலை ஒரு புத்தகம் 'அரசு பற்றிய படிப்பு' என்கிறது, இன்னொன்று 'தரவுக் கணக்கு' என்கிறது, எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி. புள்ளியியலைக் குறிக்கும் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற சொல் முதலில் அரசைப் பற்றியதுதான். கணக்கு பிறகு வந்தது.

சொல் அப்படியே இருக்க, பொருள் மட்டும் நகர்ந்ததுதான் உங்களைக் குழப்பியிருக்கும். 1749-இல் ஜெர்மனியில் ஆக்கன்வால் என்ற அறிஞர் அந்தச் சொல்லை எழுதியபோது அது ஒரு நாட்டின் ஆட்சி, வளம் பற்றிய வர்ணனை, எண்கள் கட்டாயமில்லை. 1790-களில் ஸ்காட்லாந்து முழுக்க விவரம் திரட்டிய ஜான் சின்க்ளேர்தான் அதை ஆங்கிலத்தில் பரப்பினார்.

இந்தச் சொல் வந்து குழப்பும் வரி எந்தக் காலத்தைப் பேசுகிறது என்று பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டு என்றால் 'நாட்டு விவரம்' என்று மாற்றிப் படித்தால் பெரும்பாலும் பொருந்தும்.

ஆனால் சொல்லின் வயதைத் துறையின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜான் கிரான்ட் 1662-லேயே லண்டன் இறப்புப் பட்டியல்களை அலசி, இன்றைய பொருளில் புள்ளியியல் செய்துவிட்டார். அருமையான வேலை அது.