மூன்று 'பிக்'கும் ஒரு பென்சிலும்

வாசகர்களின் ஆங்கிலம் கற்றல் தொடர்பான கேள்விகளுக்கு, தொடக்கப் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்கிறேன். தடையில்லாமல் வாசிக்கிறாள். டிக்டேஷன் வைத்தால் எல்லாம் தவறு. ஏன் டீச்சர்?
– ஒரு தாய், திருவாரூர்

பதில்: ஒரு தாளில் 'பிக்' என்று எழுதிப் பாருங்கள் அம்மா. அது பன்றியா, பெரியதா, பொறுக்கி எடுப்பதா? ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு ஒலி, வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதியதும் ஒன்றாகிவிட்டன. 'பின்' என்றால் குண்டூசியும் குப்பைத்தொட்டியும். 'கோட்' என்றால் மேலங்கியும் ஆடும்.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, அப்பா கோட் அணிந்திருக்கிறார் என்று எழுத வேண்டிய இடத்தில் ஆட்டுக்குரிய சொல்லை எழுதியிருந்தாள். அவளுடைய புத்தகத்தைப் புரட்டினேன். ஆடு வந்த பாடத்திலும் மேலங்கி வந்த பாடத்திலும் பென்சிலால் ஒரே சொல்தான் எழுதப்பட்டிருந்தது. குழந்தை மேல் பிழையே இல்லை. தெரிந்த எழுத்து மேலே இருக்கும்போது, தெரியாத எழுத்தைக் கண் ஏன் தேடப்போகிறது? அந்தப் பென்சில் எழுத்தை இன்றே அழித்துவிடுங்கள்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றாக்கி, வாய்க்கு முன்னால் தொங்கவிடுங்கள். 'பல்', 'படி' என்று சொல்லுங்கள். தாள் லேசாக அசையும், அவ்வளவுதான். இப்போது குண்டூசிக்குரிய 'பின்' சொல்லை, உதட்டில் காற்றைத் தேக்கிப் பட்டென்று விட்டுச் சொல்லுங்கள். தாள் துள்ளும். குப்பைத்தொட்டிக்குரிய 'பின்' சொன்னால் அப்படித் துள்ளாது. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். இந்த ஒலி நமக்குப் புதிதன்று. 'கம்பு', 'பாம்பு' என்று முடிக்கும்போதும் 'பஸ்' என்று தொடங்கும்போதும் அதைத்தான் ஒலிக்கிறோம். அதற்கென்று தனி எழுத்து நம்மிடம் இல்லை.

பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, ஒன்றில் குண்டூசியும் மற்றொன்றில் தொட்டியும் வரையுங்கள். குண்டூசி அட்டையின் ஓரத்தில் அந்தத் தாள் கீற்றையே ஒட்டிவிடுங்கள். நீங்கள் சொல்லைச் சொல்ல வேண்டும், அவள் அட்டையை எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று அவள் கை தயங்கும் அந்த நொடியில்தான் காது கூர்மையாகிறது.

கேள்வி: எல்.கே.ஜி. போகப்போகும் பேரனுக்கு ஆங்கில எழுத்துப் படச் சுவரொட்டி வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு தாத்தா, காரைக்குடி

பதில்: ஐ எழுத்துக்கு ஐஸ்கிரீம் படம் இருந்தால் வாங்காதீர்கள் ஐயா. முதலில் குழந்தைக்கு வேண்டியது 'இங்க்' என்பதில் வரும் குறில் ஒலி. ஜி எழுத்துக்கு ஒட்டகச்சிவிங்கி, ஓ எழுத்துக்கு ஆந்தை, எஸ் எழுத்துக்குக் கப்பல் ஆகியவையும் இதே பிழைதான். அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் அந்த எழுத்தின் வழக்கமான ஒலியில் தொடங்குவதில்லை. எக்ஸ் எழுத்துக்கு 'சைலஃபோன்' போடுவது எனக்குப் பெரிய மனக்குறை. 'பாக்ஸ்', 'ஃபாக்ஸ்' என்று சொல்லின் கடைசியில் அது அழகாக ஒலிக்கும்போது, முதலில்தான் வர வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியோ ஏறத்தாழ 44. படம் ஒலியைக் காட்டாவிட்டால் பிள்ளைக்கு வேறு பிடிமானம் இல்லை.

இன்னொரு சிக்கல் நம் வீடுகளுக்கே உரியது. கோழிப் படத்தைப் பார்த்ததும் பேரன் 'கோழி' என்பான். பக்கத்தில் இருக்கும் எச் எழுத்துக்கும் அதற்கும் தொடர்பே இராது. ஆகவே நாமே தினமும் ஆங்கிலப் பெயரால் அழைக்கும் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்: ஃபேன், ஜக், கப், லாரி, மிக்ஸி, ரப்பர். உங்கள் வீட்டு மிக்ஸியையே கைபேசியில் படமெடுத்து ஒட்டலாம்.

1658-இல் நூரம்பெர்க்கில் வெளிவந்த சிறுவர் படநூலில் கொமேனியஸ் என்ற கல்வியாளர், எழுத்துகளுக்குப் பக்கத்தில் கரையும் காகத்தையும் கத்தும் ஆட்டுக்குட்டியையும் சீறும் பாம்பையும் வைத்தார். பாம்பை எந்த மொழியில் அழைத்தாலும் அது சீறுவது 'ஸ்' என்றுதானே! எஸ் எழுத்துக்கு இன்றும் அதைவிட நல்ல படத்தை நான் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்துப் படத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி மூடிவிடுங்கள். அப்போதும் ஒலியைச் சொன்னால் எழுத்து மனத்தில் பதிந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: ஈரத்தையும் கால்நடை மருத்துவரையும் 'வெட்' என்று ஒரே மாதிரி சொல்கிறேன். திருத்த வழி உண்டா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முகம் பார்க்கும் கண்ணாடி போதும் தம்பி. பல்லும் இதழும் இயைந்து வகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்கிறது. மருத்துவருக்கு அதுவே சரி. ஈரத்துக்கு, 'ஊ' சொல்லப்போவதுபோல் உதட்டைக் குவித்துத் தொடங்குங்கள். பல் உதட்டில் படக்கூடாது.

கேள்வி: ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு 'ஹியர்', இரண்டு 'தேர்' சொற்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 'டெசர்ட்' சொல்லிலும் அப்படியே.
– ஆசிரியர், தருமபுரி

பதில்: முதல் இரண்டில் காது உதவாது, கண்தான் துணை. 'கேள்' என்னும் பொருளுள்ள 'ஹியர்' சொல்லின் கடைசி மூன்று எழுத்துகள் காதைக் குறிக்கும் சொல். அவற்றைச் சுற்றிக் காது வரையச் சொல்லுங்கள். இங்கே, அங்கே, எங்கே என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள் மூன்றும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அந்த நான்கையும் ஒரே வண்ணத்தில் தீட்டலாம். 'அவர்களுடைய' என்னும் பொருளுள்ள 'தேர்' சொல்லில் உள்ள ஐ எழுத்தை மனிதனாக வரையட்டும். தலைக்குப் புள்ளி தயாராக இருக்கிறது. பாலைவனத்துக்கு ஒரு எஸ், இனிப்புக்கு இரண்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்பதுபோல. அங்கே ஒலியும் வேறு: பாலைவனத்தில் அழுத்தம் முன்னால், இனிப்பில் பின்னால்.

ஒரு வேண்டுகோள். இணைச் சொற்கள் இரண்டையும் ஒரே நாளில் ஒரே பலகையில் எழுதாதீர்கள். ஒன்று நன்றாக ஊன்றட்டும். ஒரு வாரம் கழித்து மற்றதைக் கொண்டுவாருங்கள். படங்களையும் பிள்ளைகளே வரையட்டும். நாம் இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்ததைவிட அவர்களின் கோணல் காதுதான் நினைவில் நிற்கிறது.

கேள்வி: ஒன்றாம் வகுப்பு மகன் பஸ்ஸின் பி, டாலின் டி இரண்டையும் மாற்றி எழுதுகிறான். மூளையில் ஏதாவது குறையா?
– ஒரு தந்தை, ஆம்பூர்

பதில்: பயப்படாதீர்கள். கப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் கப்தான் என்று இத்தனை நாள் கற்றவன், எழுத்து மட்டும் திரும்பினால் பெயர் மாறும் என்பதை ஏற்கச் சற்றுக் காலம் பிடிக்கும். கட்டிலின் ஆங்கிலச் சொல்லான 'பெட்' மேல் ஒரு கட்டிலை வரைந்து காட்டுங்கள்: முதல் எழுத்து தலைமாட்டுப் பலகை, கடைசி எழுத்து கால்மாட்டுப் பலகை. இரண்டு கைகளையும் மூடிக் கட்டைவிரல்களை நிமிர்த்தி எதிரெதிரே வைத்தால் அதே கட்டில். தேர்வு நேரத்தில் மேசைக்கடியில் கையைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பு முடிந்த பிறகும் இது நீடித்து, வாசிப்பும் சேர்ந்து தடுமாறினால், கற்றல் குறைபாடு அறிந்த நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள்.