குளிசைப் போத்தலை இப்போதைக்கு அலுமாரியில் வையுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்புப் புற்றுநோய்க்காக மகரகமவில் கீமோ ஏற்றுகிறார்கள். லண்டனில் இருக்கும் சித்தி, கலத்துக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் இழைமணியைப் பலப்படுத்தும் என்று ஒரு போத்தல் குளிசை அனுப்பியிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம்பியோ, "கலத்தைக் கொல்வதே இழைமணிதான்" என்கிறான். அம்மாவுக்குக் கொடுக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொடுக்க வேண்டாம் தங்கச்சி. கீமோ முடியும் வரையாவது வேண்டாம். சித்தியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் என்மேல் போகட்டும்.

தம்பி சொன்னது சரிதான், ஆனால் பாதிக் கதை. இழைமணிக்கு இரண்டு மென்சவ்வுகள். அவற்றுக்கு நடுவில் சைட்டோகுரோம் சி என்ற சின்னப் புரதம் இருக்கிறது. சக்தி தயாரிக்கும்போது இலத்திரன்களைக் கைமாற்றிக் கொடுப்பதுதான் அதன் அன்றாட வேலை. கலத்தின் டீஎன்ஏ திருத்த முடியாதபடி பழுதாகிவிட்டால், பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் வெளிமென்சவ்வில் ஓட்டை போடும். சைட்டோகுரோம் சி வெளியே கசியும். அவ்வளவுதான், கலத்தின் கதை முடிந்தது. கசிந்தது ஏழு இதழ்ச் சக்கரம் போன்ற ஒரு கூட்டமைப்பை உருவாக்கும். அது காஸ்பேஸ் என்னும் நொதியங்களை எழுப்பிவிடும். அவை கலத்தை உள்ளிருந்தே நறுக்கும். கலம் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரிய, அக்கம்பக்கத்துக் கலங்கள் அவற்றை விழுங்கிவிடும். சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. 1972இல் இதற்கு அப்பொப்டோசிஸ் என்று பெயர் வைத்தவர்கள் இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்கள். சைட்டோகுரோம் சிக்கு இப்படி இன்னொரு முகம் இருப்பதை 1996இல் அட்லாண்டாவில் சியாவோடொங் வாங்கின் குழு கண்டுபிடித்தது.

சரி, அம்மாவுக்கும் இதற்கும் என்ன? கீமோ மருந்துகள் பல புற்றுக்கலத்தை நேரே கொல்வதில்லை. டீஎன்ஏயைக் குழப்பிவிட்டு, "இனி நீயே முடித்துக்கொள்" என்று இந்த வழிக்குத் தள்ளிவிடுகின்றன. புற்றுக்கலமும் லேசுப்பட்டதல்ல, பிசிஎல்-2 என்ற புரதத்தைப் பெருக்கி ஓட்டை விழாமல் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை எடுக்கவே ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு வெனெட்டோகிளாக்ஸ் என்ற மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. (அம்மாவுக்கு அது தேவையில்லை, கேட்டுவிடாதீர்கள்.)

தலையணையில் கொத்தாகக் கிடக்கும் முடி, கொஞ்சம் காரம் பட்டாலே எரியும் வாய்ப்புண் எல்லாம் பெரும்பாலும் இதன் பக்கவிளைவுதான். முடிவேரிலும் வாயிலும் கலங்கள் வேகமாகப் பிரிவதால் அவையும் மருந்தில் மாட்டிக்கொள்கின்றன. மருந்து முடிந்தபின் முடி பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்த வகைக் குளிசைகளில் அநேகமாக கோஎன்சைம் கியூ10, விற்றமின் ஈ, விற்றமின் சி இருக்கும். எல்லாம் ஒட்சியேற்றத்தைத் தடுப்பவை. மருந்து ஒருபக்கம் கலத்துக்கு நெருக்கடி கொடுக்க, நாம் மறுபக்கம் ஆறுதல் கொடுப்பது போலாகிவிடலாம். கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் இவற்றை எடுத்த மார்புப் புற்றுநோயாளரிடையே நோய் திரும்பி வருவது கூடுதலாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை 2020இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு எழுப்பியது. தீர்மானமான முடிவல்ல. ஆனால் பலனும் உறுதியில்லாத ஒன்றுக்காக அந்தச் சந்தேகத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? பருப்பு, சமைத்த கீரை, மீன் குழம்பு என்று சாப்பாட்டில் வருவதற்கு நான் பயப்படவில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போய்ப் புற்றுநோய் வைத்தியரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து, பி12 எதையும் பாமசியில் நீங்களாக வாங்கித் தொடங்காதீர்கள். அப்புறம் ஒன்று: காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் தாண்டினால், நடுச்சாமமானாலும் விடியட்டும் என்று பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

தம்பிக்கு ஒரு கேள்வி: முதிர்ந்த செங்குழியத்தில் இழைமணியே இல்லை, ஆனாலும் அது ஏறத்தாழ 120 நாளில் போய்விடுகிறது. எப்படி? தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.