காணாத வீழ்படிவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற ஆசிரியர்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதிய கட்டுரையில், கொரோனா காலத்தில் கைபேசிக்கு முன் உட்கார்ந்து பாடம் நடத்தியதை நான்கே வரிகளில் கடந்து போயிருந்தீர்கள். அந்த நான்கு வரிகளுக்கு மறுபக்கத்தில் இருந்தவன் நான்.

2019இல் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். ஊர் கல்வராயன் மலையடிவாரம். 2020 மார்ச்சில் கல்லூரியை மூடியபோது பத்து நாள் விடுமுறை என்று நினைத்து ஒரு பையோடு ஊருக்கு வந்தேன். இரண்டாம் ஆண்டை ஊர்த் தண்ணீர் டேங்க் மேல் உட்கார்ந்துதான் படித்தேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். உப்புப் பகுப்பாய்வு அந்த ஆண்டுப் பாடம். கொடுத்த உப்பு எது என்று, கரைசலில் கரையாமல் பிரிந்து படியும் வீழ்படிவு போன்றவற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் கல்லூரியைத் திறந்து ஆறு வாரத்தில் மறுபடியும் மூடினார்கள். அதற்குள் இரண்டு முறை ஆய்வகத்துக்குள் போனேன். ஆனால் ரெக்கார்டு நோட்டை முழுதாக எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். சீனியர் ஒருவருடைய நோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள், பார்த்து எழுதினோம். "தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றியது" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

நேர்முகத் தேர்வில் பட்டம் பெற்ற ஆண்டைப் பார்த்ததும் "கொரோனா பேட்சா?" என்று சிரித்தார்கள். 2021 நவம்பரில் ஆன்லைனிலேயே தேர்வு நடத்தச் சொல்லிப் போராடிய கூட்டத்தில் நானும் நின்றேன், அதை மறைக்க விரும்பவில்லை. இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. முதல் வாரம் குளோரைடு பரிசோதனையில் சில்வர் நைட்ரேட் சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளையாகக் கலங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "என்ன வேடிக்கை?" என்று மேலாளர் அதட்டினார்.

நான் படித்தது படிப்புதானா ஐயா? அந்த ரெக்கார்டு நோட்டு பரணில் கிடக்கிறது. எரித்துவிடலாமா என்று தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.

- ஒரு வாசகன், கள்ளக்குறிச்சி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

நான்கு வரியில் தப்பித்துக்கொண்டேன் என்பது உண்மைதான். வெட்கம்தான் காரணம். நீங்கள் கேட்டுவிட்டதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நான் 2021 மே மாதம் ஓய்வு பெற்றேன். கடைசி ஓராண்டில், நீங்கள் சொல்லும் அந்த ஆறு வாரம் தவிர, என் மாணவர்களைத் திரையில் வட்டங்களாகத்தான் பார்த்தேன். வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்து. சமையலறை முக்காலியின் மேல் கைபேசியைக் குப்புறப் படுக்க வைத்து, அதன் கண் மட்டும் விளிம்புக்கு வெளியே நீளும்படி செய்து, விழாமலிருக்க மேலே தமிழ் அகராதியை ஏற்றிவைப்பேன். கீழே தாளில் நான் எழுதுவது அறுபது பேருக்குத் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. எத்தனை பேருக்குத் தெரிந்தது என்பது வேறு விஷயம். "நான் பேசுவது கேட்கிறதா?" என்ற கேள்வியைப் பணிக்காலம் முழுவதும் கேட்டதைவிட அந்த ஓராண்டில் அதிகம் கேட்டிருப்பேன்.

வகுப்பறையில் சங்கப் பாடல் ஒன்றை நடத்தும்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு புருவம் சுருங்கும். அங்கே நின்று, அந்த அடியை வேறு விதமாகப் பிரித்துச் சொல்வேன். இன்னொரு முகம் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டால் ஒரு கதை சொல்லி இழுத்து வருவேன். இதையெல்லாம் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. முகங்கள் போனபிறகுதான் தெரிந்தது. தடுத்து நிறுத்த ஆளில்லாத என் பேச்சு ஓடியது. ஒரு பருவத்தின் பாடத்திட்டத்தை ஏழு வாரத்தில் முடித்தேன். நாள்தோறும் வகுப்பின் ஸ்கிரீன்ஷாட்டைத் தவறாமல் அனுப்பியதற்கும், பாடத்தை முதல் ஆளாக முடித்ததற்கும் கல்லூரியில் என்னைப் பாராட்டினார்கள். என் பணிக்காலத்திலேயே மிக மோசமாகக் கற்பித்த பருவம் அது. நான் கூச்சமில்லாமல் நன்றி சொன்னேன்.

முழுக்க இருட்டு என்றும் சொல்ல மாட்டேன். வகுப்பில் இரண்டு ஆண்டு வாய் திறக்காத ஒரு பெண், திரையின் ஓரத்தில் தட்டச்சு செய்து கேள்வி கேட்கத் தொடங்கினாள். நல்ல கேள்விகள். எதிரே அறுபது பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம் போலிருக்கிறது. பகலில் வேலைக்குப் போய்விட்ட பையன்களுக்காகப் பாடத்தைப் பத்துப் பத்து நிமிடக் குரல்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒருவன் செங்கல் சூளையிலிருந்து திரும்பி இரவு பதினொரு மணிக்கு, "ஐயா, அந்தத் தோழி ஏன் தலைவனிடம் பொய் சொல்கிறாள்?" என்று பதில்பதிவு அனுப்பினான். முப்பது ஆண்டுகளில் அப்படி ஒரு கேள்வி எனக்கு வகுப்பில் வந்ததில்லை. அந்தப் பதிவுகளை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் சுற்றி.

அந்த இரண்டு ஆண்டுகளில் உயர்கல்வி பற்றி நடந்த சச்சரவுகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2020 ஜூலை 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, இறுதியாண்டுத் தேர்வுகளைச் செப்டம்பர் முடிவுக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தேர்வில்லாமல் பட்டம் கிடையாது, மாநிலங்கள் வேண்டுமானால் தேதியைத் தள்ளிக் கேட்கலாம் என்று ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு என்று அறிவித்திருந்தார். ஊரெல்லாம் அதற்கு 'ஆல் பாஸ்' என்று பெயர். வாழ்த்துப் பேனர் வைத்தவர்களும் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒப்பவில்லை. 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்க முடியாது, தேர்வு நடத்துங்கள் என்றது. அண்ணா பல்கலைக்கழகம் மாணவர்கள் கண்ணைத் திருப்புகிறார்களா, உதட்டை அசைக்கிறார்களா என்று பார்க்கச் செயற்கை நுண்ணறிவை உட்காரவைத்துத் தேர்வு நடத்தியது. 2021 பிப்ரவரித் தேர்வில் ஏராளமானோரின் முடிவுகளை நிறுத்திவைத்து, அது பெரும் தகராறாகி, ஆட்சி மாறியபின் மறுதேர்வில் போய் நின்றது. கலை அறிவியல் மாணவர்கள் வீட்டில் ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, அதே தாளை விரைவு அஞ்சலில் கல்லூரிக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் தெரு முனைத் தபால் நிலையத்தில் உறையும் கையுமாக நின்ற பிள்ளைகளின் வரிசை சாலை வரை நீண்டதைப் பார்த்தேன். பிறகு நீங்கள் நின்ற நவம்பர்.

எல்லாமே தேர்வு. "எனக்கு வகுப்பு நடக்கவில்லை, ஆய்வகத்தைக் காட்டவில்லை, கட்டிய கட்டணத்துக்கு என் இரண்டாம் ஆண்டைத் திருப்பித் தாருங்கள்" என்று ஒருவராவது நீதிமன்றப் படியேறியதாக எனக்கு நினைவில்லை. உங்கள் போராட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆன்லைனில் நடத்திவிட்டு நேரில் கேள்வி கேட்காதே என்பதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் "உப்புப் பகுப்பாய்வு வகுப்பைத் திரும்ப நடத்து" என்று ஓர் அட்டையாவது இருந்ததா? இருந்திருக்காது. ஆசிரியர்களாகிய நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் அப்போது இணையக் கருத்தரங்கு நடத்துவதில் மும்முரமாக இருந்தோம். கூகுள் படிவத்தில் பத்துக் கேள்விக்குப் பதிலளித்தால் மின்சான்றிதழ் வரும். இரண்டே மாதத்தில் எனக்கு முப்பத்தேழு சான்றிதழ் சேர்ந்தது. அதில் ஒன்று யோகா.

சிக்னல் பற்றி ஒரு வார்த்தை. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் நூற்றில் 15 வீடுகளுக்குத்தான் இணைய வசதி இருந்தது, நகரங்களில் 42 வீடுகளுக்கு. கணினி கிராமத்தில் 4.4 விழுக்காடு. நம் மாநிலத்தில் 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் பல வீடுகளில் பெட்டிக்குள் இருந்து வெளியே வந்தன, அது உண்மையிலேயே கைகொடுத்தது. 2021 ஜனவரியில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அரசு அறிவித்தபோது கல்லூரிகளை மூடி பத்து மாதம் ஆகியிருந்தது. டேங்க் மேல் ஏறியவருக்கு 2 ஜிபியை வைத்து என்ன செய்வது? இலங்கையில் வேறு மாதிரி செய்தார்கள். அங்கே பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்ற சொந்த வலையமைப்பு ஏற்கெனவே இருந்தது. ஊரடங்கு வந்ததும் அதன் வழியாக நடக்கும் வகுப்புகளுக்கு மாணவரிடம் டேட்டாக் கட்டணம் வாங்குவதில்லை என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கைபேசிக் கோபுரம் இல்லாத ஊருக்கு அதுவும் உதவாதுதான். ஆனால் செலவு யாருடையது என்ற கேள்வியை அங்கே முதலிலேயே கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. சென்னை ஐஐடி 2020 ஜூன் 30 அன்று ஆன்லைன் பி.எஸ்சி. பட்டத்தை அறிவித்தது. அதற்குப் பின்னால் 2003 முதல் நடந்துவரும் 'என்பிடெல்' என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் பாடப்பதிவுகளின் அனுபவம் இருந்தது. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துச் செய்தவை அவை. நீங்களும் நானும் செய்தது வெள்ளம் வந்தபோது கையில் அகப்பட்ட கட்டையைப் பிடித்தது. இரண்டுக்கும் 'ஆன்லைன் கல்வி' என்று ஒரே பெயர் வைத்துத் திட்டுகிறோம், அல்லது கொண்டாடுகிறோம்.

சரி, உங்கள் ரெக்கார்டு நோட்டு. தைரியமாக ஒன்று சொல்கிறேன்: அது கொரோனா கண்டுபிடித்த பொய் இல்லை. உங்களுக்குப் பத்தாண்டு மூத்தவர்களைக் கேளுங்கள். பலரும் சீனியர் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள். செய்முறைத் தேர்வன்று ஆய்வக உதவியாளர் பக்கத்தில் வந்து காதோடு உப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். பிளஸ் டூவிலும் ஆசிரியர் முன்மேசையில் செய்து காட்ட, நாற்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். உங்களுக்கு நான்காவது வரிசை கிடைத்திருக்கும். வீழ்படிவைச் சரியாகப் பார்க்காமலே பட்டம் வாங்கியவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு. அவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை, உங்களுக்கு வைத்துவிட்டோம். நேர்முகத் தேர்வில் சிரித்தவரின் நோட்டையும் ஒருமுறை வாங்கிப் பார்க்க எனக்கு ஆசை.

இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் போனது போனதுதான். ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பவனோடு சண்டை போட்டு, மூன்று முறை தப்பாகக் கண்டுபிடித்து, நாலாவது முறை சரியாக வந்தபோது கத்தியிருக்க வேண்டும் நீங்கள். அந்த வயதில், அந்தக் கூட்டத்தோடு. அதை யாரும் ஈடு செய்ய முடியாது. உங்கள் மேலாளருக்கும் அது புரிந்திருக்காது. அவர் அதட்டியபோது நீங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"படித்தது படிப்புதானா" என்று கேட்டீர்கள். இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தைப் பொறுத்தவரை, இல்லை. மற்றதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் சொட்டு விழுந்ததும் வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

நோட்டை எரிக்க வேண்டாம். பரணிலிருந்து எடுத்து வையுங்கள். தண்ணீர் ஆய்வகத்தில் குளோரைடு, சல்பேட், இரும்பு எல்லாம் வரும். நீங்கள் எழுதிவைத்த காட்சி எதையாவது கண்ணால் பார்க்கும் அன்று, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுங்கள். குளோரைடுக்கு இப்போதே போட்டுவிடலாம். தேதி சரியாக நினைவில்லை என்றால் மாதம் போதும்.