மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்த பிறகும் பார்த்துக்கொள்பவருக்கு ஏன் மனம் ஆறுவதில்லை?

"கணவருக்குச் சிறுநீரக மாற்று நல்லபடியாக முடிந்தது, எனக்குத்தான் அழுகையும் எரிச்சலுமாக வருகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். இது நன்றிகெட்டதனம் இல்லை. மாதக்கணக்கில் அடக்கிவைத்த பயம், ஆபத்து சற்று விலகியதும்தான் பலருக்கு வெளியே வரும். அதோடு உங்கள் வேலையும் முடியவில்லையே! புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தப்பாமல் கொடுக்க வேண்டும். லேசாக உடம்பு சுட்டாலும் தொற்றா, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கிறதா என்று பதற்றம்.

உங்கள் கணவர் சிடுசிடுத்தால், அது அவர் சாப்பிடும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் வேலையாகவும் இருக்கலாம். ஸ்டீராய்டு தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கக்கூடியது. (இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.)

அவர் தேறத் தேற, மாத்திரைப் பொறுப்பை அவர் கைக்கே மாற்றுங்கள். அடுத்த பரிசோதனையின்போது மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் உங்கள் நிலையையும் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள், உங்களுக்காக.