கருத்தடை மாத்திரை வந்த பாதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கருத்தடை மாத்திரையின் வரலாற்றைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமக்கு எந்த மாத்திரை ஏற்றது என்று கேட்டவர்கள் தங்கள் மருத்துவரை நேரில் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு புத்தகத்தில் பின்கஸ் என்றும், மற்றொன்றில் ஜெராசி என்றும் படித்தேன்.

இருவருக்கும் அதில் பங்கு உண்டு. 1951 அக்டோபரில், மெக்சிகோ நகரில் இருந்த சின்டெக்ஸ் ஆய்வகத்தில், கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் ஆகியோரின் வழிகாட்டலில் லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற இளம் வேதியியல் மாணவர், புரொஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் போலச் செயல்படும் நோரெதின்ட்ரோனைத் தயாரித்தார். வாய்வழியாகச் சாப்பிட்டாலும் வீரியம் இழக்காத அந்தப் பொருளைத் தயாரித்தபோது அவர்கள் மனத்தில் கருத்தடை இருக்கவில்லை. கருத்தடைக்கென்றே தேடியவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த கிரிகரி பின்கஸும் மின் சுவே சாங்கும்தான். அவர்களுக்கு உதவிய பெண்கள் நல மருத்துவர் ஜான் ராக், நாள்தோறும் தேவாலயம் செல்லும் கத்தோலிக்கர். ஆனால், 1951இல் பின்கஸைச் சந்தித்து இப்படி ஒரு மாத்திரை வேண்டும் என்று கேட்டவர் கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கர். ஏறத்தாழ 20 லட்சம் டாலர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தவர் 1904இல் உயிரியலில் பட்டம் பெற்ற கேத்தரின் மெக்கார்மிக். இந்த இரு பெண்களையும் பின்னால் நிறுத்திவிட்டு 'மாத்திரையின் தந்தை' யார் என்று தேடுவது எனக்கு ஒப்பவில்லை.

காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்துதான் இந்த மாத்திரை வந்தது என்கிறார்கள். அப்படியானால் கிழங்கைச் சாப்பிட்டாலே போதாதா?

போதாது. மெக்சிகோவில் விளையும் ஒருவகை வள்ளிக் கிழங்கில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் இருக்கிறது. அதைப் புரொஜெஸ்டிரோனாக மாற்றும் வழியை 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் கண்டறிந்ததால்தான், அதுவரை பொன்விலை விற்ற அந்த ஹார்மோன் மலிவாயிற்று. அந்த மாற்றம் ஆய்வகத்தில்தான் நிகழும். நம் உடலால் அதைச் செய்ய முடியாது. கிழங்கை நம்பி யாரும் இருந்துவிட வேண்டாம்.

அமெரிக்கர்கள் உருவாக்கிய மருந்தைப் புவெர்ட்டோ ரிக்கோ பெண்களிடம் ஏன் சோதித்தார்கள்?

மாசசூசெட்ஸில் அப்போது கருத்தடை சட்டப்படி குற்றம். ஆகவே ராக் 1954இல் தம்மிடம் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த பெண்கள் சுமார் 50 பேருக்கே முதலில் அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பெரிய அளவில் சோதிக்க வேறு இடம் தேவைப்பட்டது. புவெர்ட்டோ ரிக்கோவில் 1937 முதல் கருத்தடை சட்டப்படி செல்லும். கருத்தடை மையங்களும் ஏற்கெனவே இருந்தன. வறுமையில் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றுச் சோர்ந்திருந்த பெண்கள் ஆவலோடு முன்வந்தார்கள். 1956இல் ரியோ பியெத்ராஸ் என்ற இடத்தின் குடியிருப்பு ஒன்றில் சோதனை தொடங்கியது. கருத்தரிக்காமல் தடுக்கும் மருந்து என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்பட்டது. அது இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்பது சொல்லப்படவில்லை.

அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை கருத்தரிப்பைத் தடுக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார். அதே நேரத்தில், 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி முதலியவை இருப்பதால் பொதுப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதன்று என்றும் எழுதினார். பின்கஸும் ராக்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் மனப்பிரமை என்றே பின்கஸ் கருதினார். ஆனால் அந்த மாத்திரை ஒன்றில் புரொஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்த நோரெதினோட்ரெல் 9.85 மில்லிகிராமும், ஈஸ்ட்ரோஜன் என்ற மற்றொரு பெண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த மெஸ்ட்ரனால் 150 மைக்ரோகிராமும் இருந்தன. இன்றைய மாத்திரைகள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். இரண்டும் வெவ்வேறு வகை ஈஸ்ட்ரோஜன் என்பதைக் கணக்கில் கொண்டாலும் அன்றைய அளவு மிக அதிகம். அந்தப் பெண்கள் சொன்னது உண்மை. சோதனைக் காலத்தில் இறந்த மூன்று பெண்களின் உடல்கள் பிரேதப் பரிசோதனை செய்யப்படவில்லை. எனவே, மாத்திரைக்கும் அந்த மரணங்களுக்கும் தொடர்பு உண்டா என்பதை இனி யாராலும் சொல்ல இயலாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்துவது ஏன்?

உடலுக்கு அது கட்டாயம் என்பதால் வந்த ஏற்பாடன்று. மாத்திரையை நிறுத்தும் நாட்களில் மாதந்தோறும் இரத்தப்போக்கு வந்தால் கருத்தரிக்கவில்லை என்று பெண்களுக்கு நிம்மதி இருக்கும், மாத்திரையும் இயற்கையோடு இசைந்ததாகத் தோன்றும் என்று அதை உருவாக்கியவர்கள் நினைத்தார்கள். அதனால் கத்தோலிக்கத் திருச்சபையும் மாத்திரையை ஏற்கும் என்று ராக் நம்பியிருந்தார். 1968 ஜூலையில் போப் ஆறாம் பவுல் மறுத்துவிட்டார்.

முதலில் மாத்திரைகள் புட்டியில்தான் வந்தன. இன்று சாப்பிட்டோமா இல்லையா என்ற குழப்பம் தம் வீட்டிலேயே எழுந்ததால், இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வாக்னர் என்ற பொறியாளர் ஒரு தாளில் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு மாத்திரையை வைத்து மனைவியின் அலமாரிமேல் பரப்பி வைத்தார். ஏதோ ஒன்று விழுந்து அவை சிதறிய பிறகு, நாள் குறித்த வட்டப் பெட்டியை வடிவமைத்து 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நம் ஊர் மாலா-டி அட்டையில் கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். நாள் தவறாமல் இருப்பதற்கே அந்த ஏற்பாடு.

வாரம் ஒன்று போடும் மாத்திரை இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டதா?

ஆம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமன், 1991இல் 'சஹேலி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இது ஹார்மோன் இல்லாத மருந்து. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. அரசு மையங்களில் 'சாயா' என்று தருவது இதைத்தான்.

பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாளை யாராவது படிக்கிறார்களா?

நான் படிக்கிறேன், என்னிடம் வருபவர்களையும் படிக்கச் சொல்கிறேன். பின்கஸும் ராக்கும் சோதித்த அந்த மாத்திரை, எனோவிட் என்ற பெயரில் 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி பெற்ற சில ஆண்டுகளிலேயே, இரத்தம் உறைந்து கட்டியாவது பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் இதைப் பற்றி விசாரணை நடத்தியபோது மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் அழைக்கப்பட்டார்கள். மாத்திரையைச் சாப்பிட்ட பெண்களில் ஒருவரும் சாட்சியாக அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த ஆலிஸ் வுல்ஃப்சனும் அவருடைய தோழிகளும் எழுந்து, எங்களை ஏன் கேட்கவில்லை என்று உரக்கக் கேட்டார்கள். தொலைக்காட்சி வழியே நாடே அதைப் பார்த்தது. அவ்வாண்டே அமெரிக்காவில் மாத்திரையுடன் எச்சரிக்கைத் தாள் வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பால் அந்த முதல் தாள் மிகவும் சுருங்கிப்போனது. ஆபத்துகளை விரிவாகச் சொல்லும் தாள் பெண்கள் கைக்கு வர 1978 ஆயிற்று.