சிறுவயதில் கேட்ட இசை ஒரு கலைஞரின் பாதையைத் தீர்மானிக்குமா?

நீங்களும் திருகோணமலைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளை வயலின் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். சினிமாப் பாட்டும் பைலா என்கிற துள்ளல் ஆட்டப்பாட்டும் காதில் விழுந்தால் அவளுடைய இசை கெட்டுவிடுமோ என்று கேட்கிறீர்கள். கெடாது. இதே ஊரில் வளர்ந்து, இப்போது நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாட்டில் அழுத்தம் எங்கே விழ வேண்டும், எங்கே இடம் விட வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்ற உணர்வு சின்ன வயதிலேயே உடம்பில் ஊறிவிடுகிறது. குரு பிறகு வந்து அதற்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். எந்த வகை இசைக்குப் போனாலும் அந்த ஊறல் கூடவே வரும்.

எங்கள் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள். அவர் பாடும்போது கைகள் கயிற்றில் முன்னே போய்ப் பிடி மாற்றும், குதிகால் மணலில் ஊன்றும். வாங்கும்போதுதான் இழுவை. முன்பாட்டுக்காரர் ஒரு சொல்லைக் கொஞ்சம் நீட்டினால் அத்தனை பேரின் மூச்சும் காத்து நிற்கும். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டு வேகம் பிடிக்கும். அடிகள் குறுகிக் குறுகிக் கடைசியில் வெறும் ஓசைதான் மிஞ்சும். நாடகத்தில் ஒரு காட்சி உச்சத்துக்குப் போகும்போது நான் வாத்தியங்களைக் கூட்டுவதில்லை, வரியைக் குறுக்குகிறேன். அது கடற்கரையில் கேட்டுப் பழகியது. இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய, கயிறு சுற்றும் வின்ச்தான் வலை இழுக்கிறது. அம்பாவைக் கேட்காமலே பிள்ளைகள் வளர்வது எனக்குப் பெரிய வருத்தம்.

வீட்டில் அம்மம்மா விடியற்காலையில், எங்கள் ஊர்ச் சிவனான கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தைப் பாடுவார். புறநீர்மைப் பண், பூபாள ராகத்தில் பாடுவது வழக்கம். ஒவ்வொரு பாட்டும் ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று வந்து இறங்கும். ஒரு மெட்டு எங்கெங்கோ போய்விட்டுத் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அங்கேதான் எனக்குள் பதிந்தது.

அப்புறம் பைலா. இங்கே பாலையூற்றுப் பக்கம், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் கல்யாணங்களில் பாட்டை முன்நின்று கொண்டுபோவது வயலின்தான், உங்கள் மகள் பிடித்திருக்கும் அதே வயலின். கூடவே றபான் என்ற கைப்பறை. போர்த்துக்கீசர் காலத்து வழி வந்த அந்த ஆறு-எட்டுத் தாளத்தில் வில் துள்ளுகிற விதத்தை எந்தப் பாடப் புத்தகமும் காட்டாது.

பெரியவர்களைப் பாருங்கள். இளையராஜா சிறுவயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். மேற்கத்திய இசையைச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தது பிறகு. 1976-இல் அன்னக்கிளி வந்தபோது கிராமத்து மெட்டும் அந்தப் படிப்பும் ஒன்றாகவே ஒலித்தன. அதே 1976-இல் ரஹ்மான் தந்தை ஆர்.கே. சேகரை இழந்தார், ஒன்பது வயது. தந்தையின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. வாத்தியத்தின் ஒலி மேலேயே அவருக்கு இவ்வளவு ஈடுபாடு வந்ததற்கு அந்த வீடு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வகுப்பை நிறுத்தவே வேண்டாம், பயிற்சி கட்டாயம் வேண்டும். சிவராத்திரி முடிந்து கோணேசர் ஐந்து நாள் நகர்வலம் வரும்போது மகளைத் தவில்காரருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். கல்யாண வீட்டில் பைலா போட்டால் ஆட விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் எது பிடித்தது என்று கேட்டு, அதை வயலினில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சுருதி விலகினாலும் அந்த நேரத்தில் திருத்தாதீர்கள், அதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.